வெந்நீர் ஊற்றில் டேட்டா சென்டர் ஓடுமா?

கேள்வி: திருகோணமலைக் கன்னியாவிலும் அம்பாறை மகா ஓயாவிலும் பூமியே சுடுநீர் தருகிறது. அதில் மின்சாரம் எடுத்து, குளிரான நுவரெலியாவில் பெரிய டேட்டா சென்டர் ஒன்றை இரவு பகலாக நடத்தலாமே? அதிகாரிகள் தூங்குகிறார்களா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: தூங்குகிறார்கள் என்றே வையுங்கள்; எழுப்பிவிட்டாலும் கணக்கு மாறாது. நம் இலங்கையில் எரிமலை இல்லை. ஹைலண்ட், விஜயன் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டி, மழைநீர் வெடிப்புகளில் ஆழமாக இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது. கன்னியாவில் ஏறத்தாழ 40 பாகை, மகா ஓயாவில் 55. குளிக்கலாம். நீராவியால் டர்பைன் சுழற்ற 150 பாகைக்கு மேல் வேண்டும்.

குறைந்த சூட்டிலும் எடுக்கலாம். சீக்கிரம் ஆவியாகும் வேறு திரவத்துக்குச் சூட்டை மாற்றினால் போதும். அலாஸ்காவின் செனாவில் 2006 முதல் 74 பாகை நீரில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே குளிர்விக்க 4 பாகை நீர் கிடைக்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுதான் மின்சாரம். நமக்குத் தாராளமாக 70 பாகை நீர், செக்கனுக்கு 10 லீற்றர் கிடைப்பதாக வைப்போம். 50 பாகைக்கு இறக்கினால் சுமார் 840 கிலோவாட் வெப்பம். அதில் நூற்றுக்கு ஐந்து மின்சாரமானால் 42 கிலோவாட். பம்புக்கும் விசிறிக்கும் போவதை இன்னும் கழிக்கவில்லை. சிறிய 1 மெகாவாட் டேட்டா சென்டருக்கே செக்கனுக்கு 240 லீற்றர் வேண்டும்.

ஆழமாகத் துளைத்தால்? பழைய கெட்டிப் பாறையில் கிலோமீற்றருக்கு 25 பாகை ஏறும் என்று கொண்டால், 150 பாகைக்கு சுமார் 5 கிலோமீற்றர் இறங்க வேண்டும். அங்கே நீர் ஓட வழியிருக்காது. அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையில் பிளவு உண்டாக்க வேண்டும். சுவிற்சர்லாந்தின் பாசலில் 2006இல் அப்படிச் செய்தபோது 3.4 அளவில் நிலம் அதிர்ந்து, திட்டமே கைவிடப்பட்டது. உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கத்தால் கிணறு வற்றி, சுவர் வெடித்த பண்டாரவளைக்காரரிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பாருங்கள். இரும்புக் குழாய் இறக்கிச் சீமெந்து பூசிய துளை சுரங்கம்போல் நீரை உறிஞ்சாது என்பது உண்மைதான். அவர்களை நம்பவைப்பது உங்கள் பொறுப்பு.

உங்கள் கேள்வியில் உருப்படியானது நுவரெலியாக் குளிர். சராசரி 16 பாகை. டேட்டா சென்டரின் கணினிகளான சேர்வர்களுக்குள் போகும் காற்று 18 முதல் 27 வரை இருக்கலாம். வெளிக்காற்றை வடிகட்டி, சேர்வர் கக்கும் சூடான காற்றில் கொஞ்சம் கலந்து அனுப்பினால் வருடத்தின் பெரும்பகுதி குளிரூட்டியின் கம்பிரசர் ஓடத் தேவையில்லை. கலப்பது சூட்டுக்காக மட்டுமல்ல: மூடுபனிக் காற்றை அப்படியே விட்டால் மின்சுற்றுப் பலகைகளில் ஈரம் படியும்.

தடையில்லா மின்சாரம் வேறு விஷயம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டபோது அணைகளில் நீர் இல்லாமலா போனது? பக்கத்தில் மின்நிலையம் இருப்பது மட்டும் உதவாது. நாட்டின் மின் வலையமைப்பு விழும் கணத்தில் அதிலிருந்து பிரிந்து, தன் சுமையை மட்டும் தனியாகத் தாங்கும் ஆளிகளும், டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் புவிவெப்ப நிலையமும் கூடவே நின்றுவிடும். பற்றரி சில நிமிடங்களுக்குத்தான். பிறகு டீசல், அதையும் 2022இல் வரிசையில் நின்று தேடினோம். எனவே இடம் பார்க்கும் முதலீட்டாளர் கேட்க வேண்டியவை: வெவ்வேறு கிரிட் உபநிலையங்களிலிருந்து இரண்டு வழிகள் வருமா, சொந்தத் தாங்கியில் எத்தனை நாள் டீசல் நிற்கும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீர்மின் தேக்கங்களான காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்.