72 மணி நேரத்தில் ஏற்பு, 1,800 ரூபாய் கட்டணம்: இந்த ஆய்விதழில் கட்டுரை போடலாமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன், சேமிப்புப் பழக்கம் பற்றிப் பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சமூக அறிவியல், கணிதம், நிதி, மருத்துவம் என எல்லாத் துறைக் கட்டுரைகளும் அனுப்பலாமாம். 72 மணி நேரத்தில் முடிவு சொல்வார்களாம். கட்டணம் 1,800 ரூபாய், சான்றிதழும் உண்டு. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது, இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) 7.9 என்று போட்டிருக்கிறார்கள், கூகுள் ஸ்காலரிலும் கட்டுரைகள் வருகின்றன. யுஜிசி ஏற்கும் இதழ்களின் பட்டியலான ‘யுஜிசி கேர்’ பட்டியலில் பார்க்கலாம் என்றால், இப்போது பட்டியலே இல்லை என்கிறார்கள். நெறியாளர் “எதிலாவது ஒண்ணு போட்டுடும்மா” என்கிறார். என்னுடன் வேலை பார்ப்பவர் போன வருடம் இதே இதழில் போட்டுவிட்டார். அதே கட்டுரையை அவர் இனி நல்ல இதழுக்கு அனுப்ப முடியுமா?

பதில்: போட வேண்டாம். நீங்கள் சொன்னதில் 72 மணி நேரம் என்பது ஒன்றே இந்த முடிவுக்குப் போதும். ஆனால் அடுத்த மின்னஞ்சல் இவ்வளவு வெளிப்படையாக வராது என்பதால், சரிபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

ஆய்விதழ் என்பதன் வேலையே, உங்கள் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கட்டுரையைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்வதுதான். அந்த இரண்டு மூன்று பேர் உண்மையில் இருக்கிறார்களா என்பதைத்தான் நீங்கள் துப்பறிய வேண்டும். எண், முத்திரை, சான்றிதழ் எல்லாம் அப்புறம்.

பல துறைக் கட்டுரைகளை ஒரே இதழ் வாங்குவது குற்றமில்லை. பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ பல அறிவியல் துறைகளுக்கும் பொதுவானது. 2006-ல் தொடங்கிய ‘பிளாஸ் ஒன்’ இதழும் அப்படித்தான். ஆனால் அங்கே துறைவாரியாக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வந்த இதழின் கடைசி வெளியீட்டைத் திறந்து பொருளடக்கத்தைப் பாருங்கள். சுய உதவிக் குழு ஆய்வு, அடுத்து ஒரு கணிதத் தேற்றம், அதற்கடுத்து முழங்கால் வலிக்கு ஒரு சிகிச்சை என்று வரிசையாக இருந்தால், இந்த மூன்றையும் யார் யார் படித்திருப்பார்கள் என்று ஆசிரியர் குழுவில் தேடுங்கள். குழுவில் வணிகவியல், மேலாண்மைப் பேராசிரியர்கள் மட்டுமே இருந்தால் அந்தத் தேற்றத்தை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் கட்டுரையையும் படிக்க மாட்டார்கள்.

ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்கள் இருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தாம் ஆசிரியர் குழுவில் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. போலந்து ஆய்வாளர்கள் சிலர், அன்னா ஓ. ஷுஸ்ட் என்று இல்லாத ஒரு பெண்மணியை உருவாக்கி, ஆசிரியர் பதவி கேட்டு 360 இதழ்களுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அந்தப் பெண்மணியின் பெயரில் உருப்படியாக ஒரு வெளியீடு கூடக் கிடையாது. அப்படியும் 48 இதழ்கள் பதவி கொடுத்தன. சந்தேக இதழ்கள் என்று பட்டியலிடப்பட்டிருந்த 120-ல் 40, திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களின் நல்ல பட்டியலிலிருந்து எடுத்த 120-ல் 8. இம்பாக்ட் ஃபேக்டர் முறையாகக் கணக்கிடப்படும் 120 இதழ்களில் ஒன்று கூட ஏமாறவில்லை. இந்த முடிவு 2017-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

இனி நேரம். கட்டுரைகளின் முதல் பக்கத்தில் பெறப்பட்ட நாள், ஏற்கப்பட்ட நாள் இருக்கும். அந்த இதழிலிருந்து ஐந்தாறு கட்டுரைகளில் அதைப் பாருங்கள். திங்கட்கிழமை வந்தது வியாழக்கிழமை ஏற்கப்பட்டிருந்தால், மதிப்பாய்வாளரைத் தேடி மின்னஞ்சல் அனுப்பக்கூட அந்த நாட்கள் பற்றாது. கணிதத்தில் ஒரு நிரூபணத்தை வரி வரியாகச் சரிபார்க்க ஆறு மாதம், ஒரு வருடம் ஆவது சாதாரணம். பகா எண்களுக்கு இடையிலான இடைவெளி பற்றிக் கணித அறிஞர் யீடாங் ஜாங் எழுதிய கட்டுரை ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழுக்கு 2013 ஏப்ரல் 17 அன்று போனது, மே 21 அன்று ஏற்கப்பட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று கணித உலகமே வியந்தது. அதற்கே ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. உங்களுக்கு மூன்று நாள் என்கிறார்கள்.

கட்டணத்தைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். பணம் கேட்டாலே போலி என்பது சரியில்லை. பிளாஸ் ஒன் ஒரு கட்டுரைக்கு 2,000 டாலருக்கு மேல் வாங்குகிறது. நிதித் துறையின் முன்னணி இதழ்கள் சில, கட்டுரையை அனுப்பும்போதே சில நூறு டாலர் கட்டச் சொல்கின்றன, கட்டுரையை மறுத்தாலும் அது பெரும்பாலும் திரும்பி வராது. கேட்க அநியாயமாகத் தெரியும். ஆனால் பணம் முன்னாலேயே வந்துவிட்டதால், உங்கள் கட்டுரையை ஏற்றே ஆகவேண்டிய நிர்ப்பந்தம் அந்த இதழுக்கு இல்லை. ஏற்ற பிறகு மட்டும் பணம் என்றால், மறுக்கும் ஒவ்வொரு கட்டுரையும் நஷ்டம். நல்ல பதிப்பகங்களையே இந்த ஆசை சறுக்கிவிட்டிருக்கிறது. விலே நிறுவனம் 2021-ல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகம், 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. கடைசியில் அந்தப் பெயரையே விலே கைவிட்டது.

ஆக, தொகையை விட முக்கியம் அது எப்படி, எங்கே போகிறது என்பது. தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘கூடுதல் ஆசிரியர் ஒருவருக்கு 300 ரூபாய், அச்சுப் பிரதிக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி’ என்று விலைப்பட்டியல் இருந்தாலும் அதேதான். பொன்நிற ஓரமும் முத்திரையும் வைத்து ‘வெளியீட்டுச் சான்றிதழ்’ தருவது நல்ல இதழ்களின் வழக்கமே இல்லை. கட்டுரைதான் அங்கே சான்று.

நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களுக்கு வருகிறேன். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடுகளுக்குத் தரும் அடையாள எண், அவ்வளவுதான். விண்ணப்பித்தால் கிடைக்கும், தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனாலும் ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். சில சமயம் வேறொரு இதழின் பெயர் வரும். இதழின் முகவரி லண்டன் என்று இருக்க, பதிவு வேறு நாட்டில் இருக்கும்.

கூகுள் ஸ்காலர் இதழ்களைத் தேர்ந்தெடுப்பதில்லை, இணையத்தில் கட்டுரை வடிவில் இருப்பதையெல்லாம் தானாகவே திரட்டுகிறது. அதில் வருவது ஒரு தகுதியே அல்ல.

இம்பாக்ட் ஃபேக்டர் என்று கல்வி உலகம் சொல்வது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கை. கிளாரிவேட்டின் ‘மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்’ பக்கத்தில் இலவசமாகப் பதிவு செய்து இதழின் பெயரைத் தேடலாம். அங்கே இல்லாத இதழுக்கு 7.9 என்றால், காசு வாங்கிக்கொண்டு எண் தரும் ஏதோ ஒரு கடையின் எண் அது. பொருளியல், நிதித் துறையில் 7.9 என்பது மிகப் பெரிய இதழ்கள் வாங்கும் எண் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட இதழ் உங்களுக்கும் எனக்கும் தானாக மின்னஞ்சல் அனுப்பாது!

‘ஸ்கோப்பஸில் இருக்கிறது’ என்று சொன்னால், ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் இதழ்கள் பக்கத்தில் பாருங்கள், அதுவும் இலவசம். பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பாதியில் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய முத்திரையை மாட்டிக்கொண்டே திரிகின்றன. இன்னொரு வகை மோசடியும் இருக்கிறது. உண்மையான இதழின் பெயரிலும் எண்ணிலும் போலித் தளம் நடத்துவார்கள். அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்காமல், ஸ்கோப்பஸ் பக்கத்திலிருந்தோ ஐ.எஸ்.எஸ்.என். தளத்திலிருந்தோ இதழின் தளத்துக்குப் போங்கள். இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியலை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளமான ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ வைத்திருக்கிறது.

மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான ‘பப்மெட்டில் வருகிறது’ என்பதோடு நிற்காமல், இதழ் மெட்லைன் தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. மெட்லைனுக்கு இதழைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பப்மெட்டுக்குள் கட்டுரை வர வேறு வழிகளும் உண்டு. அங்கே விஷயம் பதவி உயர்வோடு நிற்பதில்லை. 2013-ல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், லைக்கன் என்ற பாசி-பூஞ்சைக் கூட்டுயிரியிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் செல்களைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே ஓட்டையாக எழுதிய கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

யுஜிசி கேர் விஷயம் குழப்பமானதுதான். பழைய யுஜிசி பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கினார்கள். அப்புறம் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, சில பரிந்துரை அளவுகோல்களைக் கொடுத்து, தேர்வை ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கல்வி நிறுவனங்களிடமும் விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், பட்டியலை நம்பி யாரும் கட்டுரையைத் திறந்தே பார்க்காத நிலைக்கு அது பரவாயில்லை. ஆனால் உங்களைப் போல நூலக வசதி குறைந்த கல்லூரியில் இருப்பவர்கள் தலையில் சுமை கூடியிருக்கிறது.

நெறியாளர் அவசரப்படுத்துவதற்கும் இங்கேதான் பதில். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் வந்த விதிகளில் யுஜிசியே எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்துக்கொள்ளலாம், சில ஸ்கோப்பஸ் என்றே கேட்கின்றன. நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு எந்த விதி என்று ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ‘இந்த இதழ் பிறகு செல்லாது என்றால் திரும்ப முதலிலிருந்து ஆகிவிடும் சார்’ என்று அந்தத் தாளோடு போய்ச் சொன்னால் நெறியாளர் கேட்பார். கேட்காதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

சரி, எங்கே அனுப்புவது? உங்கள் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலை எடுங்கள். நீங்கள் உண்மையிலேயே படித்துப் பயன்படுத்திய கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தவை? அந்தப் பெயர்கள்தான் உங்கள் முதல் பட்டியல். உங்கள் தலைப்புக்கு மும்பையிலிருந்து வரும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’, ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஜெண்டர் ஸ்டடீஸ்’, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ‘விகல்பா’ ஆகியவற்றைப் பாருங்கள். வணிகவியல், நிதி இதழ்களைத் தரம் பிரித்து ஆஸ்திரேலிய பிசினஸ் டீன்கள் அமைப்பு வெளியிடும் ஏ.பி.டி.சி. பட்டியலில் கடைசித் தரமான ‘சி’ பிரிவிலிருந்து தேடினாலும் நல்ல இதழ்கள் கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒரு இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். மறுத்தாலும், கூடவே இரண்டு பக்கம் குறை எழுதி அனுப்பினால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஆய்வேட்டைத் திருத்த அதைவிட நல்ல உதவி கிடைக்காது.

உங்கள் சக ஆசிரியருக்கு: வெளிவந்த கட்டுரையை அப்படியே இன்னொரு இதழுக்கு அனுப்ப முடியாது. முதல் இதழ் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் அது இரட்டை வெளியீடுதான், மென்பொருள் சோதனையில் மாட்டும். திரும்பப் பெறச் சொல்லி எழுதிக் கேட்கலாம். பெரும்பாலும் பதில் வராது, அல்லது ‘திரும்பப் பெறும் கட்டணம்’ கேட்பார்கள், கட்ட வேண்டாம். புதிய தரவு சேர்த்து, பகுப்பாய்வை மாற்றி, வேறு கட்டுரையாக எழுதி, பழைய வடிவம் எங்கே வந்தது என்பதை ஆசிரியருக்கான கடிதத்தில் முதலிலேயே சொல்லிவிட்டால் நல்ல இதழ்கள் பரிசீலிக்கும்.

நீங்கள் ஏற்கெனவே கட்டுரையை அனுப்பிவிட்டிருந்தால், பணம் கட்டும் முன்பும், காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பும், ‘கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை’ என்று இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதன் நகலை நெறியாளருக்கும் அனுப்பி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.