ஓரணா: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் ஓரமெல்லாம் நெளிநெளியாக ஒரு காசு கிடைத்தது. 1919 என்று போட்டிருக்கிறது, ஓரணா என்கிறார் அப்பா. ஆங்கிலம் போக இன்னும் நாலு வகை எழுத்து அதில் இருக்கிறது, அதில் ஒன்று பழைய தமிழா? ரூபாய்க்கு ஏன் 16 அணா வைத்தார்கள், வெள்ளைக்காரன் செய்த குழப்பமா? இணையத்தில் இந்தக் காசுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்களே, நம்பலாமா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

அந்த எழுத்து தமிழ் இல்லை, தெலுங்கு. மற்றவை உருது, நாகரி, வங்காளம். சென்னை மாகாணத்தில் இத்தனை பேர் தமிழ் பேசியும் அணாவில் தமிழுக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

16 வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி வருவதற்கு முன்பே வடக்கே ரூபாயைப் பதினாறாகப் பிரித்துத்தான் கணக்கு எழுதினார்கள். ரூபாய் மட்டுமில்லை, வங்காளத்து ஜமீனில் ஒருவருக்கு நாலில் ஒரு பங்கு என்றால் நாலணாப் பங்கு என்பார்கள். நம் பக்கம் வேறு கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ரூபாய் என்றால் 12 பணம். 1835-ல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்ட பிறகுதான் அணா இங்கே நிலைத்தது. ஆனால் பதினாறில் ஒன்று நமக்குப் புதிதா என்ன? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மாகாணி, வீசம் என்று மனப்பாடம் செய்தது அதைத்தானே. எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா மாகாணி, அதற்கும் கீழே அரையணா, காலணா என்று ரூபாயைப் பாதி பாதியாக ஆறு முறை உடைத்தாலும் ஒவ்வொரு முறையும் கணக்கில் பேருள்ள ஒரு மதிப்பு வந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மனசிலேயே போடக்கூடிய கணக்கு இது. இதைக் குழப்பம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. 1835-க்குப் பிறகு ஏறக்குறைய எழுபது வருடம் புழக்கத்தில் ஓரணா என்று ஒரு நாணயமே கிடையாது, கணக்கில் மட்டும்தான் அது இருந்தது. காரணம் எடை. வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதில் பதினாறில் ஒன்று முக்கால் கிராம்கூட வராது, வேட்டி மடிப்பில் முடிந்தால் தேட வேண்டியதுதான். சரி, செம்பில் அடிக்கலாம் என்றால் காலணாவே ஆறரை கிராம், ஓரணா 26 கிராம் ஆகிவிடும். அப்புறம் 1906, 1907 வாக்கில் செம்பும் நிக்கலும் கலந்து அடித்தபோதுதான் ஓரணா கைக்கு அடக்கமான காசாக வந்தது. உங்கள் காசின் ஓரத்தை எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு வளைவு இருக்கும். 1918-ல் வந்த நிக்கல் இரண்டணா சதுரம். இருட்டில் விரலால் தடவினாலே எது எது என்று தெரிந்துவிடும்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்தது. நூறைப் பாதியாக்கினால் 50, மறுபடி 25, அதற்கு மேல் போனால் பன்னிரண்டரை, அங்கேயே உடைந்துவிட்டது. ஓரணாவுக்குச் சரியான மதிப்பு ஆறே கால் பைசா, அதை 6 என்று வைத்தார்கள். இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. டீ ஓரணா என்றால் பதினாறு டீக்குத் தனித்தனியாக 96 பைசா, மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் 100. இதில் டீக்கடைக்காரருக்கு நஷ்டம், மூன்றணாச் சாமான் வாங்கினவருக்கும் நஷ்டம், இரண்டு பேரும் மற்றவர் ஏமாற்றுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். வங்கிக்கும் அரசாங்கக் கணக்குக்கும் நூறுதான் வசதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது சில்லறையில் வாழ்ந்த ஜனங்கள்.

நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் தப்பித்ததற்கும் இதுதான் காரணம். 25-ம் 50-ம் மீதியில்லாமல் பொருந்தின, அதனால் பேர் ஒட்டிக்கொண்டது. ஓரணாவும் இரண்டணாவும் பொருந்தவில்லை, போய்விட்டன. 25 பைசாவையே 2011 ஜூன் மாதத்தோடு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

விலை விஷயம்: நம்பாதீர்கள். உங்களுடையது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்து ஓரணா, அது ஏராளமாக அடித்த காசு, லட்சமெல்லாம் வராது. விற்றுத் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், சேகரிப்பவர்கள் தேய்த்துப் பளபளப்பாக்கின காசைத்தான் முதலில் ஒதுக்குவார்கள்.