வாசகர் கேள்வி – பதில்: அம்மாவின் கைநாட்டு

கேள்வி: உசிலம்பட்டி அருகே தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 76. குடும்ப ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வருகிறது. முடியாத உடம்பு, கைநாட்டுதான் வைப்பார். உறவுக்காரப் பையன் ஒருவன் உடன் சென்று பணம் எடுத்துத் தருகிறான். பாதிப் பணம்கூட அம்மாவிடம் சேர்வதாகத் தெரியவில்லை. வங்கியைத் தலையிடச் சொல்ல முடியுமா?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். மதுரைக் கிளை ஒன்றில் நான் அதிகாரியாக இருந்தபோது, மேலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவரின் பணம் எடுக்கும் சீட்டை உடன் வந்தவரே நிரப்பி நீட்டினார். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பாட்டியை அருகில் உட்காரவைத்து, "எவ்வளவு வேணும் ஆத்தா?" என்று கேட்டேன். "ரெண்டாயிரம் போதும்ப்பா, மாத்திரை வாங்கணும்" என்றார், பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி. சீட்டில் இருந்ததோ இருபதாயிரம்.

முதியவரைத் தனியே அழைத்துத் தொகையைக் கேட்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையெழுத்திட இயலாத முதியவரின் கைநாட்டுக்கு, வங்கிக்கு அறிமுகமான, சம்பந்தமில்லாத இருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்றும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. அந்த அதிகாரி அம்மாவிடமே கேட்டுச் சாட்சியிட வேண்டும் என்று மேலாளரிடம் வற்புறுத்துங்கள்.

அம்மாவின் சம்மதமின்றிக் கணக்கு விவரத்தை வங்கி உங்களுக்குத் தராது. அது சரியான விதியும்கூட. ஆகவே அவரையே அழைத்துச் சென்று பாஸ்புக்கைப் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தி எந்தக் கைப்பேசிக்குப் போகிறது என்று கட்டாயம் பாருங்கள். பல வீடுகளில் அது பணம் எடுப்பவரின் எண்ணாகவே இருக்கும். ஏடிஎம் அட்டை இருந்தால் அன்றாட வரம்பைக் குறைக்கலாம். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டிலேயே பணம் தரும் சேவையையும் கேளுங்கள்.

கூட்டுக் கணக்குக்கு அவசரப்பட வேண்டாம். அவசியமானால், அம்மா இருக்கும்வரை அவர் மட்டுமே இயக்கும் 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' முறையைக் கேளுங்கள்.

வங்கி அசட்டை செய்தால் அம்மாவின் பெயரில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம்.

அந்தப் பையனை எதிரில் வைத்து மட்டும் அம்மாவிடம் விசாரிக்காதீர்கள். நாளைக்கு மாத்திரை வாங்கிவர அவர் அவனைத்தான் நம்பியிருக்கிறார். வாயைத் திறக்க மாட்டார்.