மார்ட்டினை எடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். லீவில் அவன் அப்பாவின் பழைய காமிக்ஸ் பெட்டி கையில் கிடைத்தது. அதிலிருந்த 'மர்ம மனிதன் மார்ட்டின்' கதைகளைப் படித்ததிலிருந்து, சோறு போடும்போதுகூட கடலில் மூழ்கியதாகச் சொல்கிற அட்லாண்டிஸ், மூ கண்டம், அப்புறம் கறுப்பு உடைக்காரர்கள் என்றே பேச்சு. ராத்திரி பதினொரு மணி வரை அதே மாதிரி வீடியோக்கள். போன வாரம் வகுப்பில் எழுந்து, "குமரிக்கண்டத்தை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று வரலாற்று டீச்சரைக் கேட்டிருக்கிறான். டீச்சர் என்னை வரச் சொல்லியிருக்கிறார். புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடப் போனால், "நானும் படிச்சுத்தானே வளர்ந்தேன்" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பேப்பர்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய லயன், முத்து காமிக்ஸுக்காக ஊர் ஊராகப் பழைய புத்தகக் கடைகளைத் துழாவுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எடைக்குப் போட்டது தெரிந்தால் மயங்கி விழுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். அதையும் மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

மார்ட்டின் 1982 ஏப்ரலில் இத்தாலியில் பிறந்தவர். அல்ஃப்ரெடோ காஸ்டெல்லி எழுத, ஜியான்கார்லோ அலெஸ்ஸாண்ட்ரினி வரைய, மிலான் நகரத்து போனெல்லி நிறுவனம் வெளியிட்டது. கதைப்படி அவருக்கு நியூயார்க்கில் வீடு. தொல்லியல் படித்தவர், புத்தகம் எழுதுகிறவர். கூடவே ஜாவா என்று ஒரு நியாண்டர்தால் மனிதன், அதாவது எப்போதோ அழிந்துபோன ஆதி மனித இனத்து ஆள். அடிதடியைவிட மார்ட்டின் பேசுவதுதான் அதிகம். அட்லாண்டிஸ் என்று ஆரம்பித்தால் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவில் தொடங்கி, பலூன் பலூனாகப் பக்கம் நிறைத்துவிடுவார். ஜாவா ஓர் உறுமலோடு சரி. உங்கள் பையன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் செய்வதும் அதுதான். உங்களுக்கு ஜாவா வேஷம்.

விஷயம் அந்தக் கறுப்பு உடைக்காரர்களிடம் இருக்கிறது. முதல் இதழின் தலைப்பே அவர்கள்தான். ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாற்றுக்கு ஒவ்வாத எதையும் அழித்துவிடும் ரகசியக் கூட்டம். காஸ்டெல்லி இவர்களை அந்தரத்தில் பிடிக்கவில்லை. 1950-களில் பறக்கும் தட்டு பார்த்ததாகச் சொன்ன அமெரிக்கர்களிடையே புழங்கிய வதந்திதான் மூலம். ஆனால் அவர்கள் கதையில் ஏன் தேவைப்பட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாதாமாதம் வரும் தொடர். இந்த மாதம் அட்லாண்டிஸ் நிரூபணமாகிவிட்டால் அடுத்த மாதம் என்ன செய்வது? புத்தகத்தை மூடிவிட்டு வாசகர் தெருவில் இறங்கினால் உலகம் நேற்று மாதிரியே இருக்கிறது. கதையிலும் அப்படியே இருந்தாக வேண்டும். அதனால் கடைசிப் பக்கத்துக்குள் ஆதாரம் எரிய வேண்டும், மூழ்க வேண்டும், இல்லை களவு போக வேண்டும். கறுப்பு உடைக்காரர்கள் உண்மையில் கதாசிரியருக்கு வீடு கூட்டிக் கொடுக்கிறவர்கள்.

கதைக்கு இது அருமையான தந்திரம். வீடியோவில் ஒருவர் இதையே நிஜம் என்று சொல்லும்போதுதான் வில்லங்கம். ஆதாரம் கிடைத்தால், "பார்த்தாயா!" கிடைக்காவிட்டால், "மறைத்துவிட்டார்கள், பார்த்தாயா!" பூ விழுந்தாலும் அவருக்கு ஜெயம், தலை விழுந்தாலும் அவருக்கு ஜெயம். இதை உங்கள் பையனிடம் கதை எழுதும் நுட்பமாகவே சொல்லிப் பாருங்கள். புத்திமதியாகச் சொன்னால் காதில் ஏறாது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "எது கிடைத்தால் நீ உன் எண்ணத்தை மாத்திக்குவே?"

இனி குமரிக்கண்டம். இதில் அவனை மட்டம் தட்டிவிடாதீர்கள், நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். மடகாஸ்கரில் லெமூர் என்று குரங்கு மாதிரி ஒரு பிராணி இருக்கிறது, அதற்கு உறவான தேவாங்கு நம் பக்கத்துக் காடுகளில் இருக்கிறது, நடுவே கடல். இது எப்படி என்று யோசித்த ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று 1864-ல் யூகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அதை நம்மவர்கள் எடுத்து, 'பஃறுளி யாற்றுடன் பன்மலை அடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்ற சிலப்பதிகார வரியோடு இணைத்தார்கள். பிறகு கண்டங்களே நகர்கின்றன என்று தெரியவந்தது; மூழ்கிய நிலம் தேவைப்படாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது உண்மைதான். பிரிந்து ஏறக்குறைய 9 கோடி ஆண்டு ஆகிறது. அப்போது தமிழனும் இல்லை, வேறு எவனும் இல்லை.

அதற்காகச் சிலம்பு பொய் என்று ஆகிவிடாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அன்று அது தரை. ராமேசுவரம் பக்கமிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகி, கரையோர நிலங்களைக் கடல் கொண்டது. கண்டத்தைக் கொள்ளவில்லை, கரையைக் கொண்டது. யாரும் மறைக்கவில்லை, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. மூ கண்டம் இந்த அளவுக்குக்கூடத் தேறாது. மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களுடைய ஏடு ஒன்றை 19-ஆம் நூற்றாண்டில் தப்பாக எழுத்துக்கூட்டிப் படித்ததில் முளைத்த பெயர் அது.

ஜாவாவைப் பற்றியும் அவனிடம் சொல்லுங்கள். நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2010-ல் வெளியானது. அந்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கிய ஸ்வாந்தே பாபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுவில் 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தாலிடமிருந்து வந்தது. ஜாவா நமக்குப் பங்காளி முறை! காஸ்டெல்லி 1982-ல் இதைக் கதையாக எழுதியிருந்தால்கூடக் கொஞ்சம் அதிகம் என்றிருப்பார்கள்.

போன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். புத்தகம் 100 பக்கத்தில் முடிந்துவிடும், வீடியோ முடியாது. ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும். ஒன்பதரைக்கு மேல் போன் உங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று பையன் பயந்தாலோ, தூக்கம், சாப்பாடு கெட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள். குரலை உயர்த்தியிருந்தால் மன்னிப்புக் கேட்கட்டும். கேள்விக்காகக் கேட்க வேண்டாம். அதைத் தாளில் எழுதிக் கொடுத்து, இதற்கு எங்கே படிக்கலாம் என்று அவரிடமே கேட்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு விஷயம் விசாரியுங்கள். அந்தப் பெட்டியில் அட்டை கிழியாத இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் ஏதாவது இருந்தால், எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்.