ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிரா ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. இரண்டு வருடமாக அகாடமியில் செஸ் கற்கிறான். முதல் பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடமாக ஆடுகிறான். ஆனால் ஒரு சிப்பாய் கூடுதலாக எடுத்த ஆட்டங்களைக்கூடக் கடைசியில் டிராவில் விடுகிறான். கோச் புதிய ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) கோர்ஸுக்கு 12,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா, எண்ட்கேம் (காய்கள் குறைந்த பிறகு வரும் கடைசிக் கட்டம்) படிக்க வைக்கலாமா?

பதில்: கட்டாதீர்கள். கால் வலி என்று போனவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற கதை இது.

உங்கள் பையனுக்குக் காய் எடுக்கத் தெரிகிறது. எடுத்த பிறகு எதை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றக்கூடாது என்று தெரியவில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டத்தை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். இருந்தாலும் டிராவாக வேண்டிய ஆட்டம். 55வது நகர்த்தலில், அப்போது பட்டம் வைத்திருந்த டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். குகேஷ் யானையை எடுத்தார், அடுத்ததாக மந்திரியையும் மாற்ற வைத்தார். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. மூன்று நகர்த்தலில் உலகப் பட்டம் கை மாறியது. இந்த மாதிரி முடிவில் யார் ஜெயிப்பார் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த மாற்றத்தின் விலை தெரியும்.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8 (எழுத்து நேர்வரிசையையும், எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எத்தனையாவது கட்டம் என்பதையும் சொல்லும்). யார் முறையாக இருந்தாலும் வெள்ளைக்கு வெற்றி. எல்லாவற்றையும் ஒரு வரிசை கீழே இறக்குங்கள்: ராஜா இ5, சிப்பாய் இ4, எதிர் ராஜா இ7. இப்போது கறுப்பின் முறை என்றால் வெற்றி, வெள்ளையின் முறை என்றால் டிரா. இரண்டு ராஜாவும் நடுவே ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்கும்போது, நகர வேண்டியவருக்குத்தான் நஷ்டம்; ஆப்போசிஷன் என்பது இவ்வளவுதான். நீங்கள் கறுப்பாக உட்கார்ந்து இருபது தடவை ஆடுங்கள்.

ஓரத்துச் சிப்பாயை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பிள்ளைகள் அழுதுகொண்டு எழுந்து வருவார்கள். வெள்ளைக்கு எச் வரிசைச் சிப்பாயும் ஒரு மந்திரியும் இருக்கின்றன, எதிரியிடம் வெறும் ராஜா. சுலபம் என்று நினைப்போம். சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம். மந்திரி வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, அதாவது எஃப்1-ல் தொடங்கியது என்றால், எதிர் ராஜா எச்8 மூலைக்குள் போய் உட்கார்ந்ததும் ஆட்டம் டிரா. அவனை அங்கிருந்து கிளப்பவே முடியாது; ரொம்ப நெருக்கினால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே நகர இடமில்லாமல் போய் டிரா. ஏ வரிசையில் நேர் எதிர்: ஏ8 வெள்ளைக் கட்டம், அங்கே சி1 மந்திரி உதவாது. அதே ஓரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சிப்பாய் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே ஓரத்துச் சிப்பாயோடு காய்களை மாற்றும் முன்னால், மூலைக் கட்டம் என்ன நிறம், என் மந்திரி என்ன நிறம், எதிர் ராஜா அங்கே போய்ச் சேருமா என்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

யானையும் சிப்பாயும் மிஞ்சும் முடிவுகளில் லூசெனா (சிப்பாய் வைத்திருப்பவர் ஜெயிக்கும் நிலை), ஃபிலிடோர் (எதிராளி டிரா செய்யும் நிலை) என்ற இரண்டும் இப்போதைக்குப் போதும். லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் பயிற்சி இலவசம். தினம் அரை மணி நேரம், கோடை விடுமுறை முழுக்க.

அப்புறம், 'ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) கியாரண்டி' என்பவர்களிடம் கவனம். 2024 மார்ச்சில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரே தடவையில் ஏற்றியது. 1200 இருந்தவன் உட்கார்ந்த இடத்தில் 1520 ஆனான். அதைத் தன் பயிற்சியின் பலன் என்று பெற்றோரிடம் சொன்ன கோச்சை எனக்கே தெரியும். ஓபனிங் கோர்ஸை ஏன் விற்கிறார்கள்? வருஷா வருஷம் புதிதாக ஒன்றை விற்கலாம். எண்ட்கேமை ஒரு தடவைதான் விற்க முடியும். போட்டி நடத்துகிறவர்களும் ஒரே நாளில் ஏழு சுற்று முடித்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் போதும் என்று இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வேக ஆட்டத்தில் எந்தப் பிள்ளை எதை யோசிக்கும்? வருடத்துக்கு நாலு ரேபிட் (வேக ஆட்ட) போட்டியைக் குறைத்து, ஆளுக்கு 90 நிமிடம் உள்ள ஒரு போட்டிக்கு அனுப்புங்கள்.

கோச்சிடம் நான் சொன்ன எச் வரிசை நிலையைப் பலகையில் வைத்துக் கேளுங்கள். டிரா என்று உடனே சொல்லி, ஏன் என்றும் காட்டினால் அவரிடமே தொடரலாம். கோர்ஸுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.