ரவுட்டரோடு நின்றுபோகும் வி-லான்

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கடை. இரண்டிலும் கேமராக்களுக்கு வி-லான் (உள் நெட்வொர்க்கில் எண் போட்டுப் பிரித்த தனி வலை) 20 போட்டு, இரண்டிலும் 192.168.20.0/24 முகவரிகளே கொடுத்திருக்கிறோம். நடுவில் ரவுட்டட் லைன் (ஐபி பாக்கெட்டுகளை மட்டும் கடத்தும் இணைப்பு). ரவுட்டருக்கு ரவுட்டர் பிங் போகிறது. அங்குள்ள ரெக்கார்டர் மட்டும் எட்டவில்லை. லைன்காரர்கள் வி-லான் டேக்கை வெட்டிவிடுகிறார்களா?
— வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: டேக்கைக் கழற்றுவது உங்கள் ரவுட்டர்தான், அது அதன் வேலை. வி-லான் எண் என்பது ஈதர்நெட் தலைப்பில் செருகிய 4 பைட் டேக்குக்குள் இருக்கிறது. ரவுட்டர் அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட்டை மட்டும் லைனில் விடும். அங்கே இருக்கும் 20-க்கும் இங்கே இருக்கும் 20-க்கும் எண் ஒன்று என்பதைத் தவிர எந்த உறவும் இல்லை.

உங்கள் பாக்கெட்டோ ரவுட்டர்வரைகூடப் போகவில்லை. உதாரணமாக, 192.168.20.5-இல் இருக்கும் கணினிக்கு 192.168.20.50 என்ற ரெக்கார்டர் சொந்த சப்நெட் (அதே முகவரித் தொகுதி). அதனால் கேட்வேயிடம் (வெளியே அனுப்பிவைக்கும் ரவுட்டரிடம்) கொடுக்காமல், 'இந்த முகவரி யாருடையது?' என்று ஏஆர்பி மூலம் எல்லோரையும் கேட்கிறது. அந்த பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. விண்டோஸில் பிங் அடித்துப் பாருங்கள்: உங்கள் கணினியின் முகவரியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால் கோளாறு இதுவேதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை 192.168.21.0/24-க்கு மாற்றுங்கள். வி-லான் எண் 20 ஆகவே இருக்கட்டும், தொட வேண்டாம். இரண்டு ரவுட்டரிலும் மறுபக்கத்து சப்நெட்டுக்கு ரூட் (எந்த வழியில் அனுப்புவது என்ற குறிப்பு) வேண்டும். நடுவில் லைன்காரர்களின் ரவுட்டர் இருந்தால் அதற்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு ரெக்கார்டரின் கேட்வேயைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் உங்கள் பாக்கெட் போய்ச் சேரும், பதில்தான் திரும்பாது. ரூட் தப்பா கேட்வே தப்பா என்று தெரியாமல் மண்டை காய்வது இந்த இடத்தில்தான்.

ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வர் டர்பனில் மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்து வி-லான் இன்டர்ஃபேஸில் ரிலே (முகவரி கேட்பதை சர்வருக்குக் கடத்தும் அமைப்பு) போட்டு, சர்வரில் 192.168.21.0/24-க்குத் தனி ஸ்கோப் (வழங்கும் முகவரி வரம்பு) திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்குள்ள விண்டோஸ் கணினிகள் தாமே போட்டுக்கொண்ட 169.254 முகவரியோடு உட்கார்ந்திருக்கும். கேமரா மென்பொருளின் தானியங்கித் தேடலும் ரவுட்டரைத் தாண்டாது, அதனால் அந்தப் பக்கத்தைக் காட்டாது. ஐபி முகவரியைக் கையால் அடியுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஒரே வி-லானை இரண்டு ஊருக்கும் நீட்டவே முடியாதா?

பதில்: முடியும். விஎக்ஸ்-லான் என்ற முறை, ஈதர்நெட் ஃபிரேமை (தலைப்போடு சேர்ந்த முழுப் பொதியை) அப்படியே யுடிபி பாக்கெட்டுக்குள் (போர்ட் 4789) பொதிந்து ஐபி லைனில் அனுப்பும். ஐபிவி4-இல் 50 பைட் கூடுவதால், 1500 பைட் மட்டுமே விடும் லைனில் சிறிய பிங் போகும், பெரிய கோப்பு தொங்கும். கூடவே ஒரு கடையின் பிராட்காஸ்ட் முழுதும் லைன் வழியாக அடுத்த கடைக்குப் போகும். நாலு கேமராவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.