எம்.ஆர்.டி. நெகட்டிவ்: பயப்படும் சேதி இல்லை

கேள்வி: எங்கள் 6 வயது மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். ஒன்றரை மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நேற்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இண்டக்‌ஷன்ல ரெமிஷன் வந்தாச்சு, எம்.ஆர்.டி. நெகட்டிவ். ஆனா இந்த மருந்துல ஏ.என்.சி. 240-க்கு இறங்கிடுச்சு, ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் போனார். நெகட்டிவ் என்றதும் என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். நோய் போய்விட்டதா, இல்லையா?

பதில்: முதலில் உங்கள் மனைவியைக் கண்ணைத் துடைக்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் என்பது இங்கே நீங்கள் காத்திருந்த சேதி.

இண்டக்‌ஷன் என்பது முதல் ஒரு மாத மருந்து. அது முடிந்ததும் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்ப்போம். அதில் புற்றுச் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே போய், நல்ல செல்கள் ஊறத் தொடங்கியிருந்தால் ரெமிஷன். எம்.ஆர்.டி. என்பது மிச்சமிருக்கும் நோயைத் தேடும், அதைவிட நுணுக்கமான சோதனை. 10,000 செல்லில் ஒன்று கெட்டது என்றாலும் பிடித்துவிடும். அதிலும் அகப்படவில்லை என்பதுதான் நெகட்டிவ்.

அப்படியானால் ஊசியை நிறுத்தலாமே என்று தோன்றும். நிறுத்தக் கூடாது. இந்த நோய் தெரியவரும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றாலே பத்து கோடி! அந்த மிச்சத்தை ஒழிக்கத்தான் மொத்தம் இரண்டு, மூன்று வருட சிகிச்சை. ரெமிஷன் என்றால் நோய் அடங்கியிருக்கிறது. குணமாகிவிட்டது என்று சொல்லும் நாள் இன்னும் தள்ளி இருக்கிறது.

ஏ.என்.சி. என்பது கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. ரிப்போர்ட்டில் டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளை அணுக்கள்) 1.2 என்று இருந்தால் அது ஆயிரக்கணக்கு, அதாவது 1,200. கீழே நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் 240. சில லேப்களில் நியூட்ரோஃபிலுக்குப் பதிலாகப் பாலிமார்ஃப் என்று அச்சடிப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 500-க்குக் கீழே போவது நோய் திரும்பியதற்கான அடையாளம் இல்லை, மருந்தின் வேலை. ஆனால் தொற்று வந்தால் தாங்காது.

டாக்டர்களான எங்கள் பக்கமும் தப்பு உண்டு. நாலு பேருக்கு நடுவே நின்று இங்கிலீஷில் ஓட்டிவிடுகிறோம். என் வார்டில் ஒரு அம்மா பள்ளிக்கூட நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் "டாக்டர் சொன்னது", வலது பக்கம் "எனக்குப் புரிஞ்சது" என்று எழுதுவார். மறுநாள் வலது பக்கத்தை மட்டும் என்னிடம் நீட்டுவார். திருத்தும்போதுதான் நான் எவ்வளவு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன் என்று தெரியும்.

நீங்களும் அப்படி ஒரு நோட்டுப் போட்டு, அதில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் வார்டுக்குப் போன் போட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். எங்களைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள்; சூடு இறங்கி, உள்ளே இருக்கும் தொற்று வெளியே தெரியாமல் போய்விடும்.